இரண்டு த்ரெட், ஒரு கவுன்ட்டர்: வாசகர் கேள்வி பதில்

ஒருசேர ஓடும் புரோகிராம்களின் பொருளைக் கணிதத்தில் எப்படிப் பிடிப்பது? சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வாசகர்கள் இதுபற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். ஒரே புரோகிராமுக்குள் ஒருசேர ஓடும் ஒவ்வொரு கட்டளைத் தொடரையும் ‘த்ரெட்’ என்பார்கள். உதாரணங்களில் ‘:=’ என்று வந்தால், வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயரில் வை என்று படியுங்கள்.

கேள்வி: ஒரு புரோகிராமின் பொருள், எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை தருகிறது என்பதுதானே? பல த்ரெட் ஓடும் புரோகிராமுக்கு மட்டும் தனியாக ஒரு கணிதம் எதற்கு? (அஸ்தம்பட்டி வாசகர்)

தனியாக ஓடும் புரோகிராமுக்கு நீங்கள் சொல்வது சரி. 1970 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் டேனா ஸ்காட்டும் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியும் கட்டிய பொருள்கோட்பாடு இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. புரோகிராம் என்பது ஒரு சார்பு. தொடக்க நிலையைக் கொடுத்தால் முடிவு நிலையைத் தரும்.

பக்கத்தில் இன்னொன்று ஓடத் தொடங்கியதும் இது உடைகிறது. எப்படி என்று இரண்டே வரியில் பார்க்கலாம்.

முதல் துண்டு: எண் := 2
இரண்டாம் துண்டு: எண் := 1; எண் := எண் + 1

தனியாக ஓட்டினால் இரண்டும் எண்ணில் 2 வைத்துவிட்டு முடியும். சார்பு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. இப்போது பக்கத்தில் ‘எண் := 2’ என்ற மூன்றாவது துண்டையும் ஓடவிடுங்கள். முதல் துண்டோடு சேர்ந்தால் எந்த வரிசையிலும் விடை 2. இரண்டாம் துண்டோடு சேர்ந்தால், அதன் இரு கட்டளைகளுக்கு நடுவே மூன்றாவது புகுந்துகொள்ளலாம். எண் முதலில் 1 ஆகும், பிறகு 2 ஆகும், கடைசியில் 3 ஆகும்.

ஒரே பொருள் என்று நாம் முத்திரை குத்திய இரண்டு துண்டுகள், ஒரே துணையோடு சேர்ந்ததும் வேறு வேறு விடை தருகின்றன. பகுதிகளின் பொருளை வைத்தே முழுமையின் பொருளைக் கணக்கிட முடிய வேண்டும். அது முடியாவிட்டால் அந்தக் கணிதத்தால் பயன் இல்லை. ஆகவே ‘பொருள்’ என்பதற்குள் விடையோடு கூட, நடுவில் பிறர் எங்கெங்கே நுழைய முடியும் என்பதும் இருந்தாக வேண்டும். கார்டன் பிளாட்கின் 1976-ல் இதைத்தான் செய்தார். அவருடைய மாதிரியில் புரோகிராம் ஒரு அடி எடுத்து வைக்கும், அப்போதைய நிலையையும் மீதிப் புரோகிராமையும் திருப்பித் தரும். அந்த இடைவெளியில் மற்றவர்கள் நிலையை மாற்றலாம், பிறகு மீதி ஓடும். எந்த அடி அடுத்து வரும் என்பது உறுதியில்லாததால் ஒற்றை விடைக்குப் பதில் விடைகளின் கணம் வரும். அந்தக் கணங்களைத் தாங்கும் அமைப்புக்கு ‘பவர்டொமைன்’ என்று பெயர்.

இனி வரும் எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரால் எதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும்? அதைக் காட்டாத மாதிரி நம்மை ஏமாற்றும். அதற்கு மேல் காட்டும் மாதிரி தேவையற்ற சுமை.

கேள்வி: பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஒரு கவுன்ட்டரை இரண்டு த்ரெட்கள் தலா 10,000 முறை ஒன்று கூட்டுகின்றன. 20,000 வர வேண்டும், குறைந்து வருகிறது. மிக மோசமான நிலையில் எவ்வளவு வரலாம்? வகுப்பில் எல்லோரும் 10,000 என்கிறார்கள். (சூரமங்கலம், கல்லூரி மாணவி)

விடை 2. இதைத் தாளில் எழுதிப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு லாக் (ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட மறப்பதில்லை, அதனால் முழுதாகவே எழுதுகிறோம்.

‘ஒன்று கூட்டு’ என்பது இயந்திரத்துக்கு மூன்று வேலை: நினைவகத்திலிருந்து எடு, கூட்டு, திரும்ப வை. த்ரெட்களை அ, ஆ என்போம்.

அ முதல் சுற்றைத் தொடங்கி 0-வை எடுத்துக்கொண்டு நிற்கிறது. ஆ தன் 9,999 சுற்றுகளை முடிக்கிறது, கவுன்ட்டரில் 9,999. இப்போது அ விழித்து, தன் கையில் இருந்த 0-வோடு ஒன்று கூட்டி 1 என்று வைக்கிறது. ஆ-வின் 9,999 சுற்றும் போயிற்று. ஆ தன் கடைசிச் சுற்றுக்கு அந்த 1-ஐ எடுத்துக்கொண்டு நிற்கிறது. அ மீதி 9,999 சுற்றுகளையும் முடிக்கிறது, கவுன்ட்டரில் 10,000. கடைசியாக ஆ தன் கையில் உள்ள 1-ஓடு ஒன்று கூட்டி 2 என்று வைக்கிறது. முடிந்தது.

1 வர முடியாது. கடைசியாக எழுதும் த்ரெட் 1 என்று எழுத வேண்டுமானால் அது தன் கடைசிச் சுற்றில் 0-வை எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே அதுவே ஒரு தடவையாவது எழுதியிருக்கும். எழுதப்படும் எந்த மதிப்பும் 1-க்குக் குறையாது என்பதால், 0 மறுபடி கண்ணில் படாது.

ஒரே ஒரு சுற்று என்றாலும் எண்ணிப் பாருங்கள். மூன்று அடி கொண்ட இரண்டு த்ரெட்களைப் பின்ன, அதாவது ஒன்றின் அடிகளுக்கு நடுவே மற்றதன் அடிகளை நுழைத்து ஒரே வரிசையாக்க, 20 வழிகள். சரியான விடை 2 வருவது, ஒன்று முழுதாக முடிந்த பிறகு மற்றது தொடங்கும் 2 வழிகளில் மட்டும். மீதி 18-லும் விடை 1. இதை 90 சதவீதம் தவறும் என்று படிக்கக் கூடாது. இயந்திரம் எல்லா வழிகளையும் சமமாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பெரும்பாலும் நல்ல வழியிலேயே போகும். சோதனையில் தப்பிவிட்டு, ஆள் நெருக்கம் உள்ள நாளில் இந்தப் பிழை தலைகாட்டுவது அதனால்தான். அடிகள் தலா 10 ஆனால் வழிகள் 1,84,756. ஓட்டிப் பார்த்துப் பார்த்துத் தீராது.

திருத்த இரண்டு வழி உண்டு: மூன்று அடியையும் லாக்குக்குள் வையுங்கள், அல்லது மூன்றையும் உடைக்க முடியாத ஒரே அடியாகச் செய்யும் ‘அட்டாமிக்’ கூட்டலைப் பயன்படுத்துங்கள். ஜாவாவில் ‘வோலடைல்’ என்று அறிவித்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், போதாது. அது ஒவ்வொரு எடுத்தலும் புதிய மதிப்பைப் பார்க்கச் செய்யும். எடுத்தலுக்கும் வைத்தலுக்கும் நடுவே பிறர் புகுவதைத் தடுக்காது.

கேள்வி: அப்படியானால் நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் பட்டியலிட்டுவிட்டால் அதுவே புரோகிராமின் பொருள் ஆகிவிடாதா? (ஏற்காடு வாசகர்)

பாதி தூரம் அது வரும். இந்தப் பட்டியலை ‘டிரேஸ்’ கணம் என்பார்கள். தவறான வேலை நடக்கக்கூடுமா என்று பார்க்க இது போதும். நடக்க வேண்டியது நடக்காமல் நின்றுபோகுமா என்று பார்க்கப் போதாது.

ஏரிக்கரையில் இரண்டு பான இயந்திரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் காசு போட்டதும் டீ, காபி இரண்டு பொத்தானும் எரியும், நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது, காசு விழும் கணத்தில் தானே முடிவு செய்துவிடும். ஒரு சமயம் டீப் பொத்தான் மட்டும் எரியும், இன்னொரு சமயம் காபிப் பொத்தான் மட்டும். இரண்டுக்கும் டிரேஸ் பட்டியல் ஒன்றே: எதுவும் நடக்கவில்லை; காசு; காசு, டீ; காசு, காபி. ஆனால் காபி மட்டுமே குடிப்பவர் இரண்டாவது இயந்திரத்தின் முன் காசைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருக்க நேரும். அதுதான் டெட்லாக்.

இதைப் பிடிக்க டோனி ஹோரும் ஸ்டீபன் புரூக்ஸும் பில் ராஸ்கோவும் 1984-ல் தந்த மாதிரியில், ஒவ்வொரு வரிசையோடும் ‘அதன்பின் எதையெல்லாம் மறுக்கலாம்’ என்பதும் எழுதப்படும். ‘காசு’க்குப் பிறகு முதல் இயந்திரம் டீயையும் மறுக்காது, காபியையும் மறுக்காது. இரண்டாவது டீயை மறுக்கலாம் அல்லது காபியை மறுக்கலாம், இரண்டையும் சேர்த்து மறுக்காது. வித்தியாசம் தெரிந்துவிட்டது.

எடின்பரோவில் ராபின் மில்னர் 1980-ல் வேறு பாதையில் போனார். 1981-ல் டேவிட் பார்க் அதற்கு ‘பைசிமுலேஷன்’ என்ற கூரான வடிவம் கொடுத்தார். இதை ஒரு விளையாட்டாக நினையுங்கள். ஒருவர் ஏதாவது ஓர் இயந்திரத்தில் ஓர் அடி எடுப்பார், எதிராளி மற்ற இயந்திரத்தில் அதே பெயருள்ள அடியை எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதலாமவர் இயந்திரத்தை மாற்றிக்கொள்ளலாம். எதிராளி என்றைக்கும் சிக்காமல் ஆட முடிந்தால் இரண்டும் சமம். நம் உதாரணத்தில் முதலாமவர் இரண்டாவது இயந்திரத்தில் டீ பக்கம் போகும் ‘காசு’ அடியை எடுப்பார். எதிராளி முதல் இயந்திரத்தில் காசு போடுவார். உடனே முதலாமவர் பக்கம் மாறி முதல் இயந்திரத்தில் காபி எடுப்பார். எதிராளிக்கு வழி இல்லை.

மறுப்புப் பட்டியலைவிட பைசிமுலேஷன் நுணுக்கமானது. பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, பிறகு அடிவாரத்திலோ கொண்டப்பநாயக்கன்பட்டியிலோ இறங்கும் ஒருவரை நினையுங்கள். எங்கே இறங்குவது என்பது ஏறும்போதே முடிவானதா, டிக்கெட் வாங்கும்போது முடிவானதா என்பதை மறுப்புப் பட்டியல் கவனிக்காது, பைசிமுலேஷன் கவனிக்கும். டெட்லாக் மட்டும் கவலை என்றால் மறுப்புப் பட்டியலே போதும், எங்கள் பரிந்துரையும் அதுதான். பைசிமுலேஷனின் பலம் வேறு: எல்லைக்குட்பட்ட நிலைகள் இருந்தால் அதைக் கணினி வேகமாகச் சரிபார்த்துவிடும்.

கேள்வி: பெட்ரி நெட் என்றால் என்ன? தறி வேலையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். (அம்மாபேட்டை வாசகர்)

தறி இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். 1962-ல் கார்ல் ஆடம் பெட்ரி தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் தந்த அமைப்பு இது. வட்டங்கள் இடங்கள். இடத்தில் புள்ளிகள் இருக்கும், அவை டோக்கன்கள். கட்டங்கள் நிகழ்ச்சிகள். ஒரு நிகழ்ச்சிக்குள் வரும் ஒவ்வோர் அம்புக்குறிக்கும் உரிய இடத்தில் டோக்கன் இருந்தால்தான் அது நடக்கும். நடந்தால் அந்த டோக்கன்கள் எடுக்கப்பட்டு, வெளியே போகும் அம்புக்குறிகளின் இடங்களில் புதிய டோக்கன்கள் வைக்கப்படும். ‘நெய்’ என்ற கட்டத்துக்குப் பாவும் (நீளவாக்கு நூல்) வேண்டும், சுற்றிய தாரும் (குறுக்கு நூல் சுற்றிய சிறு குழல்) வேண்டும். பாவு ஓட்டுவதும் தார் சுற்றுவதும் ஒன்றையொன்று தொடாத வட்டங்களிலிருந்து டோக்கன் எடுப்பதால் இரண்டும் தாமாகவே ஒருசேர நடக்கலாம்.

நான்கு தார் மட்டும் கொள்ளும் ஒரு தட்டு இருக்கிறது. சுற்றுபவர் வைக்கிறார், நெய்பவர் எடுக்கிறார். இருவர் கையும் ஒரே சமயத்தில் தட்டில் படக் கூடாது. மூன்று இடங்கள் போதும்: ‘காலி’யில் 4 டோக்கன், ‘நிறை’யில் 0, ‘பூட்டு’வில் 1.

சுற்றுபவர்: காலியில் ஒன்று எடு, பூட்டை எடு, தாரை வை, பூட்டைத் திருப்பு, நிறையில் ஒன்று போடு.
நெய்பவர்: நிறையில் ஒன்று எடு, பூட்டை எடு, தாரை எடு, பூட்டைத் திருப்பு, காலியில் ஒன்று போடு.

இது சரியாக ஓடும். காலி, நிறை, இருவர் கையிலும் நடுவழியில் இருப்பது எல்லாம் கூட்டினால் எப்போதும் 4. இந்த மாறாத கூட்டுத்தொகைதான் தட்டு வழியாது என்பதற்கான நிரூபணம்.

இப்போது சுற்றுபவரின் முதல் இரண்டு அடிகளை மட்டும் இடம் மாற்றுங்கள்: முதலில் பூட்டு, பிறகு காலி. தட்டு நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுபவர் பூட்டை எடுத்துவிட்டார், காலிக்குக் காத்திருக்கிறார். நெய்பவர் நிறையில் ஒன்று எடுக்கிறார், பூட்டுக்குக் காத்திருக்கிறார். காலி 0, நிறை 3, பூட்டு 0. எந்தக் கட்டமும் நடக்க வழியில்லை. நெய்பவர் வேகமாக இருக்கும்வரை தட்டு நிரம்பாது, பிழையும் தெரியாது. நெய்பவர் சற்றுத் தாமதித்த அன்று எல்லாம் நின்றுவிடும். கடைசி இரண்டு அடிகளை இடம் மாற்றினால் அப்படி எதுவும் ஆகாது, சற்று நேரம் காத்திருக்க நேரலாம், அவ்வளவுதான். திருப்பிக் கொடுப்பதில் யாரும் காத்திருப்பதில்லை. எடுப்பதில்தான் வரிசை முக்கியம்.

ஒரு குறிப்பிட்ட டோக்கன் நிலையை எட்ட முடியுமா என்பதை எந்த பெட்ரி நெட்டுக்கும் முடிவு செய்யலாம் என்று 1981-ல் எர்ன்ஸ்ட் மேயர் நிரூபித்தார். அதற்கு ஆகும் வேலை பொதுவாக எவ்வளவு பயங்கரமாகப் பெருகும் என்பது 2021-ல்தான் தீர்ந்தது. தட்டுக்கு 4 என்ற எல்லை வைத்த நம் வலைக்கு அந்தக் கவலை இல்லை, நிலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி: ஒரே கோர் (கணக்கிடும் பகுதி) உள்ள கணினியில் ‘உண்மையிலேயே ஒரே நேரம்’ என்று எதுவும் இல்லையே. ‘அ-வும் ஆ-வும் ஒருசேர’ என்பதும் ‘அ பிறகு ஆ, அல்லது ஆ பிறகு அ’ என்பதும் ஒன்றுதானே? (கொண்டலாம்பட்டி வாசகர்)

அ-வை உடைக்க முடியாத ஒற்றை அடி என்று உறுதியாகச் சொல்ல முடியும்வரை ஒன்றுதான். அ-வைத் திறந்து பார்த்தால் உள்ளே அ1, அ2 என்று இரண்டு அடி இருந்தால் கதை மாறுகிறது. ஒருசேர ஓடும் வடிவத்தில் அ1, ஆ, அ2 என்று நடக்கலாம். ‘அ பிறகு ஆ, அல்லது ஆ பிறகு அ’ என்ற வடிவத்தில் அ1, அ2, ஆ அல்லது ஆ, அ1, அ2 மட்டுமே. சூரமங்கலம் மாணவியின் கவுன்ட்டர் தவறியது இந்த இடைவெளியில்தான். பெட்ரி நெட்டும், 1977-ல் ஆன்டோனி மசூர்கியேவிச் தந்த டிரேஸ்களும் (முன்பு சொன்ன டிரேஸ் பட்டியல் அல்ல, பெயர் மட்டும் ஒன்று), நீல்சன், பிளாட்கின், வின்ஸ்கல் மூவர் தந்த நிகழ்ச்சி அமைப்புகளும் இந்த வேறுபாட்டைத் தக்கவைக்கின்றன. அவற்றில் எது எதற்குக் காரணம், எவை ஒன்றையொன்று சாராதவை என்பது நேரடியாகவே எழுதப்படும்.

கேள்வி: டெட்லாக்கும் ‘ஸ்டார்வேஷ’னும் ஒன்றா? (ஏற்காடு அடிவாரம், ஓட்டுநர் பயிற்சியோடு கணினிப் படிப்பும் படிக்கும் வாசகர்)

வேறு வேறு. உங்கள் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அடுத்தடுத்த இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வண்டிதான் திரும்ப முடியும், நடுவில் ஒதுங்க இடமில்லை என்று கொள்வோம். ஏறும் பஸ் கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு மேல் வளைவுக்குக் காத்திருக்கிறது. இறங்கும் லாரி மேல் வளைவில் நின்று கீழ் வளைவுக்குக் காத்திருக்கிறது. இது டெட்லாக். 1971-ல் எட்வர்ட் காஃப்மனும் உடன் எழுதியவர்களும் சொன்ன நான்கு நிபந்தனைகளும் இங்கே இருக்கின்றன: ஒருவருக்கே இடம், பிடித்துக்கொண்டே காத்திருத்தல், பறிக்க முடியாமை, சுற்றிவரும் காத்திருப்பு. ஒன்றை உடைத்தாலும் டெட்லாக் இல்லை.

புரோகிராமில் வழக்கமான மருந்து, லாக்குகளுக்கு எண் கொடுத்து எல்லோரும் ஏறுவரிசையில் எடுப்பது. மலைப்பாதையில் இந்த மருந்து வேலை செய்யாது. இறங்குபவருக்கு மேல் வளைவுதான் முதலில் வரும், அவர் வரிசையை மாற்ற முடியாது. அங்கே இரண்டாவது நிபந்தனையைத்தான் உடைக்க வேண்டும்: இரண்டு வளைவும் காலி என்று தெரிந்தபிறகே நுழைவது. உங்கள் புரோகிராமில் லாக் எடுக்கும் வரிசை தரவைப் பொறுத்து மாறுமானால், நீங்களும் மலைப்பாதையில்தான் இருக்கிறீர்கள்.

ஸ்டார்வேஷனில் போக்குவரத்து நிற்பதே இல்லை. ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதிப்படி வண்டிகள் விடாமல் ஏறிக்கொண்டிருந்தால், இறங்கக் காத்திருக்கும் லாரிக்கு முறையே வராது. அதற்கு வழி அவ்வப்போது திறந்து உடனே மூடுகிறது. தொடர்ந்து திறந்திருக்கும் வாய்ப்பு ஒருநாள் கிடைத்தே தீரும் என்பது பலவீனமான நியாயம், இந்த லாரிக்கு அது உதவாது. திரும்பத் திரும்பத் திறக்கும் வாய்ப்பும் கிடைத்தே தீரும் என்பது பலமான நியாயம், லாரிக்கு அதுதான் வேண்டும். உங்கள் லாக் எந்த நியாயத்தைத் தருகிறது என்று ஆவணத்தில் பாருங்கள். ஜாவாவின் ‘ரீஎன்ட்ரன்ட் லாக்’ சும்மா உருவாக்கினால் வரிசை காக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: எல்லாப் பின்னல்களையும் கணக்கிட்டு ‘இது நடக்கவே நடக்காது’ என்று முடிவுகட்டிய ஒன்று என் கணினியில் நடக்கிறது. கணிதம் தவறா? (ஓமலூர் வாசகர்)

கணிதம் சரி, எடுத்துக்கொண்ட இயந்திரம் வேறு. இந்த நான்கு கட்டளைகளைப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு கொடியும் 0.

த்ரெட் 1: கொடி1 := 1; பார்வை1 := கொடி2
த்ரெட் 2: கொடி2 := 1; பார்வை2 := கொடி1

பின்னும் வழிகள் 6. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு பார்வையாவது 1 ஆகும். ஆனால் இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் இரண்டும் 0 ஆகலாம். ஒவ்வொரு கோரும் எழுதியதை முதலில் தன் சொந்த வரிசைக் கிடங்கில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நினைவகத்துக்கு அது சற்றுப் பிறகுதான் போய்ச் சேரும். அதற்குள் இருவரும் பழைய 0-வைப் படித்துவிடுகிறார்கள். 1981-ல் கேரி பீட்டர்சன் தந்த பிரபலமான பூட்டு முறையைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதினால் இந்தச் சில்லுகளில் தவறுவதும் இதனால்தான். எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவே, எழுதியது நினைவகத்தைச் சேரும்வரை காத்திருக்கச் சொல்லும் ‘ஃபென்ஸ்’ கட்டளை வேண்டும். ஏஆர்எம் சில்லுகள் இன்னும் தளர்வானவை.

எல்லோரும் ஒரே பின்னலைப் பார்ப்பது என்ற ஒழுங்குக்கு 1979-ல் லெஸ்லி லாம்போர்ட் வரையறை தந்தார். ஜாவா 2004-லும் சி பிளஸ் பிளஸ் 2011-லும் செய்த ஒப்பந்தம் இது: இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தை லாக்கோ அட்டாமிக்கோ இல்லாமல் தொட்டு, அதில் ஒன்றாவது எழுதும் நிலைமை உங்கள் புரோகிராமில் இல்லையென்றால், அந்த ஒழுங்கு உங்களுக்கு உறுதி. அந்த நிலைமை இருந்தால் சி பிளஸ் பிளஸ்ஸில் புரோகிராமுக்குப் பொருளே கிடையாது. அட்டாமிக்கில் ‘ரிலாக்ஸ்டு’, ‘அக்வயர்–ரிலீஸ்’ போன்ற தளர்ந்த வகைகளைத் தொடாதவரை மேலே சொன்ன மாதிரிகள் எல்லாம் உங்களுக்குச் செல்லும்.

கேள்வி: இதைக் கையால் செய்து பழக எங்கே தொடங்குவது? (ஆத்தூர் வாசகர்)

கணம், உறவு, பகுதி வரிசை, தொகுத்தறிதல் நிரூபணம். இவ்வளவு கணிதம் இருந்தால் தொடங்கலாம். எல்லாப் பின்னல்களையும் தானே ஓட்டிப் பார்க்கும் கருவிக்கு ஜெரார்ட் ஹோல்ஸ்மனின் ‘ஸ்பின்’ அல்லது லாம்போர்ட்டின் ‘டிஎல்ஏ பிளஸ்’ எடுங்கள். இரண்டும் இலவசம். ஹோரின் மறுப்புப் பட்டியல் வழி பிடித்திருந்தால் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த ‘எஃப்டிஆர்’ கருவி உண்டு. 1978-ல் வெளியான நீதம்–ஷ்ரோடர் பாதுகாப்பு நெறிமுறையில் கேவின் லோ 1995-ல் ஒரு ஓட்டையைக் கண்டார், அடுத்த ஆண்டு அதை எஃப்டிஆர் கொண்டு காட்டினார். அந்த நெறிமுறையின் சாரம் மூன்றே செய்திகள். 17 ஆண்டு எத்தனையோ பேர் கண்ணில் அது படவில்லை.

முதல் வேலையாகத் தார்த் தட்டை எழுதுங்கள். தட்டின் அளவு 2, சுற்றுபவர் 2 பேர், நெய்பவர் 1 போதும். பெரிதாக்காதீர்கள். ஒருவருக்கு 10 நிலை என்றாலும் 6 பேர் சேர்ந்தால் 10 லட்சம் நிலை ஆகிவிடும். பிழைகளில் பெரும்பாலானவை சிறிய அளவிலேயே வெளிப்படும். கூட்டுத்தொகை மாறாது என்பதை எழுதி ஓட்டுங்கள். ‘சரி’ என்று வந்தால் உடனே நம்பாமல், பூட்டையும் காலியையும் இடம் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கருவி டெட்லாக் என்று கத்தாவிட்டால், நீங்கள் எழுதியது தட்டே இல்லை.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்பின்னின் மொழியான புரொமேலாவில் ‘எண் = எண் + 1’ உடைக்க முடியாத ஒற்றை அடி. உங்கள் சி நிரலில் அது மூன்று அடி. அப்படியே நகலெடுத்தால் கருவி பச்சைக்கொடி காட்டும், நிரல் தவறும். தனி மாறி ஒன்று வைத்து எடுப்பதை ஒரு வரியிலும், கூட்டி வைப்பதை அடுத்த வரியிலும் எழுதுங்கள்.

மேற்படிப்புக்கு வெளிமாநிலம் போக வேண்டியதில்லை. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் இந்தத் துறையில் நீண்டகாலமாக ஆய்வு நடக்கிறது. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும்போதே தட்டை எழுதிவிடுங்கள்.